முதல் வரியில் சுகம்

1

நான் இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து நாலு வருடம் முடிந்த கிழமையில்தான் வேலையிடத்து முகாமையாளரின் கடிதம் கிடைத்தது. நாலு வருடம் முடிந்ததற்காகப் பனியைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் எழுதச் சொல்லி ஊரிலிருந்து கேட்கிறார்கள். பனி விழுந்தால் நிலம் வழுக்கும். பேத்தி நன்றாகப் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள், அதுவும் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றாமல். இந்த இரண்டையும் சொல்லியாயிற்று. மிச்சத்தை ஒரு விசாரணையைப் பற்றி எழுதுகிறேன். விசாரணை எனக்குப் பழக்கமான இடம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இலங்கையில் புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மற்ற உத்தியோகத்தர்கள் தாபனக் கோவை என்ற அரசாங்கச் சேவை விதிப் புத்தகத்தை ஆபத்து வந்தால் மட்டும் தேடுவார்கள். நான் அதைச் சும்மா இருக்கும்போதும் வாசித்தவன். விளக்கம் கோரி நான் அனுப்பிய கடிதங்களை வாங்கியவர்கள் இன்றைக்கும் புத்தளம் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டால் தூரத்திலேயே சலாம் சொல்லிவிட்டு அடுத்த ஒழுங்கைக்குள் இறங்கிவிடுவார்கள்.

இங்கே மகள் வீட்டில் கதிரையில் இருந்துகொண்டு எல்லாருக்கும் ஒழுங்குமுறை சொல்லிக்கொண்டிருந்ததால், மகளே எனக்கு ஒரு வேலை தேடித் தந்தாள். அவளுக்கு வீட்டில் நிம்மதி வேண்டியிருந்தது. முதியோர் இல்லம் ஒன்றின் முன் மேசையில், கிழமைக்குச் சில நாட்கள். வருபவர்களின் பெயரைப் பதிவேன், கதவைத் திறப்பேன், தொலைபேசி எடுப்பேன். ஒரு பியோனின் வேலை என்று ஊரில் நினைப்பீர்கள். ஓம், அதேதான். ஆனால் கதிரை நல்ல கதிரை.

அந்த இல்லத்தில் பகல் நேரப் பராமரிப்பாளராக எங்கள் மாவட்டத்துக் கற்பிட்டியைச் சேர்ந்த ஒரு பெண் இருக்கிறார். பெயர் பஸ்மிலா. வயது நாற்பதுக்குள். கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இந்த இல்லத்தின் பெயரில் கிடைத்த வேலை விசாவில் வந்தவர். இல்லம் கையை விட்டால் விசாவும் போகும். சில கிழமைகளுக்குள் வேறு ஓர் இல்லம் அவரை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் நாலு பேரும் விமானம் ஏற வேண்டும். அவர் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தார்.

முகாமையாளர் கரோலின் கடிதம் அவரைப் பற்றியது. “பஸ்மிலாவின் எழுத்துக் குறிப்புகள் குழுவின் வேலையைப் பாதிக்கின்றன. நீங்கள் அவருடைய மொழி பேசுபவர். இது மொழிப் பிரச்சினையா, வேறு எதுவுமா என்று உங்கள் கருத்தை எழுதித் தரவும்.”

கருத்தை எழுதித் தரச் சொல்லி ஒரு மேலதிகாரி கேட்டால், தீர்ப்பு எழுதியாகிவிட்டது, கையெழுத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அர்த்தம். கடல் தாண்டினாலும் இது மாறவில்லை.

2

நடந்தது இதுதான்.

மாடியில் ஹரோல்ட் என்று ஒரு கிழவர். முன்பு பஸ் ஓட்டியவர். நடக்க ஏலாது, ஆனால் வாய் நன்றாக இருந்தது. பஸ்மிலாவை “கப்டன்” என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் பகல் வேலை முடியும்போது பஸ்மிலா அவரைப் பற்றி எழுதிய குறிப்பைத் தமிழில் தருகிறேன்.

“ஹரோல்ட் நன்றாக இருக்கிறார். காலையில் சிரித்தார். ஒரு துண்டு பாண் சாப்பிட்டார். அவருக்குப் பிடித்த நீலச் சட்டையைப் போட்டுவிட்டேன். மகள் தொலைபேசியில் கதைத்தார், சந்தோசப்பட்டார். மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்க மறுத்தார். சிறுநீர் மிகவும் குறைவு, நிறம் கறுப்பு. இன்று என்னை யார் என்று கேட்டார்.”

இந்தக் குறிப்புகளை டெப் என்கிற கையடக்கக் கணினியில்தான் எழுத வேண்டும். இரவு வேலைக்கு வருபவர் டெப்பைத் திறந்தால், மாடியில் உள்ள எல்லாருடைய பெயரும் வரிசையாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே குறிப்பின் முதல் வரி மட்டும் தெரியும். மிச்சம் வேண்டுமென்றால் அந்தப் பெயரை அழுத்த வேண்டும். அன்றிரவு பொறுப்பாக இருந்தவர் ஜின்ஸி, கேரளத்துத் தாதி. “ஹரோல்ட் நன்றாக இருக்கிறார்” என்பதைக் கண்டார். நன்றாக இல்லாதவர்களிடம் போனார்.

விடிந்தபோது ஹரோல்டை எழுப்ப முடியவில்லை. அம்புலன்ஸ் வந்தது. உடம்பில் நீர் வற்றி, சிறுநீரில் கிருமி ஏறி, இரத்தத்திலும் பரவத் தொடங்கிவிட்டதாம்.

நான் காலையில் முன் மேசைக்குப் போனபோது ஜின்ஸி இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. மேலங்கியைப் போட்டபடியே நின்றார்.

“என்னைத்தான் முதலில் கூப்பிட்டுக் கேட்டார்கள்” என்றார். “குறிப்பில் எழுதியிருக்கிறதே, நீ ஏன் பார்க்கவில்லை என்று. எழுதியிருக்கிறதாம். எங்கே எழுதியிருக்கிறது? நீலச் சட்டைக்குக் கீழே. உங்கள் ஊரில் செத்தவனைப் பற்றியும் சட்டையின் நிறத்தில்தான் தொடங்குவீர்களா?”

கேள்வி நியாயமானது. அதைவிட, பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

3

ஓம், அப்படித்தான் தொடங்குவோம்.

நான் ஒருமுறை பயிற்சி ஒன்றுக்காகக் கொழும்பில் தங்கியிருந்தபோது தம்பி தொலைபேசி எடுத்தான். எங்களுக்குள் அண்ணனை நானா என்போம். “நானா, எல்லாரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். இங்க நல்ல மழை. உம்மாவும் நல்லா இரிக்கிறா. காலையில கஞ்சி குடிச்சா. உங்களக் கேட்டா.” நான் பேசாமல் காத்திருந்தேன். எங்கள் ஆட்களோடு தொலைபேசியில் கதைக்கும்போது காத்திருக்கத் தெரிய வேண்டும். மழையும் கஞ்சியும் முடிந்த பிறகு வந்தது: “இப்ப சிலாபம் ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறம். ஒட்சிசன் குடுத்திரிக்கி.”

தம்பி எதையும் மறைக்கவில்லை. படைத்தவனைப் புகழாமல் ஒரு நோயாளியின் பெயரை எடுப்பது எங்கள் வாயில் வராது. கெட்டதை முதலில் சொன்னால் அதை நாமே கூப்பிட்டு உள்ளே இருத்தியதுபோல இருக்கும். ஆகவே சொல்பவர் சுகத்தில் தொடங்குவார், கேட்பவர் பொறுத்திருப்பார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கான பஸ்ஸை யாரும் இதனால் தவறவிட்டதில்லை. நானும் தவறவிடவில்லை.

அலுவலகத்திலும் இதே கதைதான். வெளிக்கள உத்தியோகத்தர்களின் அறிக்கைகள் எல்லாம் மகிழ்ச்சியில்தான் தொடங்கும். தலவில தேவாலயத் திருவிழாக் காலத்தில் ஒருவர் அனுப்பிய அறிக்கை நினைவிருக்கிறது. பக்தர்கள் அமைதியாக வருகிறார்கள், மின்விளக்குகள் அழகாக இருக்கின்றன, சகல திணைக்களங்களும் ஒத்துழைக்கின்றன என்று இரண்டு பந்தி. தண்ணீர் ஏற்றிவந்த பவுசர் வண்டி அச்சு முறிந்து பாதி வழியில் நிற்பது கடைசி வரியில். நான் முதல் பந்தியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, முன்னேஸ்வரத்திலிருந்து வேலைக்கு வரும் எங்கள் எழுதுநர் சிவமலர் மாற்றுப் பவுசருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்.

“எப்படியம்மா அதுக்குள்ள வாசிச்சு முடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“நான் எங்க சேர் வாசிச்சன்? அடியிலயிருந்து பார்த்தன். மேல எல்லாம் மாலை மரியாதைதானே.”

அவர் மட்டுமல்ல, அந்த அலுவலகத்தில் எல்லாருமே கடிதங்களைக் கீழிருந்துதான் வாசிப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதுபவரின் குறையை வாசிப்பவர் தன் தலையில் சுமந்துகொள்வதால் அங்கே ஒன்றும் கெடுவதில்லை. இங்கே வாசிப்பவர் ஒரு டெப். அதற்கு அடியிலிருந்து வாசிக்கத் தெரியாது.

4

பஸ்மிலாவைப் பணியாளர்களின் சமையலறையில் கண்டேன். தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார், குடிக்கவில்லை.

“சேர், என்னய விசாரணைக்குக் கூப்பிட்டிரிக்கிறாங்க. உங்களுக்கும் கடிதம் வந்திரிக்காமே” என்றார். 

“வந்திரிக்கி.”

“என்ன எழுதப் போறீங்க?”

“முதல்ல நீங்க சொல்லுங்க மகள். அந்த மனிசனுக்குச் சுகமில்ல எண்டு தெரிஞ்சும் ஏன் நல்லா இரிக்கிறார் எண்டு தொடங்கின?”

“நான் பொய் எழுதல்லயே. எல்லாம் எழுதித்தானே இரிக்கி. தண்ணி குடிக்கல்ல, மூத்திரம் கறுப்பு, ஆளத் தெரியல்ல. ஒண்டயாவது விட்டனா?”

“விடல்ல. எல்லாத்தையும் கடைசியில போட்டீங்க.”

“பின்ன எங்க போடுற? எடுத்த எடுப்பில ஒரு மனிசனுக்குக் கெட்டத எழுதச் சொல்றீங்களா? அதுவும் இந்தக் குறிப்ப அவர்ட மகள் போன்ல பார்க்கிறா.” குரல் உயர்ந்தது, கதவைப் பார்த்துவிட்டுத் தணித்துக்கொண்டார். “ஜின்ஸி என்ட முகத்தப் பார்க்கிறா இல்ல. ‘கொலகாரி’ எண்டு சொல்லாத குறை. நான் அந்த மனிசனுக்குக் கரண்டியால தண்ணி குடுத்துக் குடுத்துப் பார்த்தன் சேர். வாயத் திறக்கல்ல.”

“அத எழுதினீங்களா?”

“எத?”

“கரண்டியால குடுத்துப் பார்த்தத.”

“அது என்ட வேலைதானே. அத எதுக்கு எழுதுற?”

நான் கோப்பையைக் கழுவும் சாக்கில் திரும்பிக்கொண்டேன். இல்லத்தின் விதிப்படி அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

“என்ட இங்லீசு சரியில்ல எண்டு எழுதிடுவாங்களா?” என்று பின்னாலிருந்து கேட்டார்.

அங்கேதான் சிக்கல் இருந்தது. அவருடைய ஆங்கிலம் மோசமில்லை. விசாவுக்காகச் சோதனை எழுதித் தேறியவர். நான் “மொழிப் பிரச்சினை” என்று எழுதினால், அந்தச் சான்றிதழையே யாராவது தோண்டத் தொடங்குவார்கள். “மொழிப் பிரச்சினை இல்லை, கெட்ட செய்தியைத் தெரிந்தே கடைசியில் வைக்கிறார், அது எங்கள் வழக்கம்” என்று உண்மையை எழுதினால், அதை வாசிக்கும் எந்த அதிகாரிக்கும் ஒரே ஒரு சொல்தான் தோன்றும்: மறைத்தார். நானே அந்தக் கதிரையில் இருந்திருந்தால் எனக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

“அவங்க கேட்டதுக்கு நான் பதில் எழுதப் போறதில்ல” என்றேன்.

“அப்ப?”

“நீங்க விசாரணைக்குப் போகேக்க கூட ஒருத்தரக் கூட்டிக்கொண்டு போகலாம். விதி இரிக்கி. நான் வாறன்.”

பஸ்மிலா என்னை நம்பாமல் பார்த்தார். “வந்து கதைப்பீங்களா?”

“உங்களுக்குப் பதிலாகக் கதைக்க எனக்கு அனுமதியில்ல. பக்கத்தில இருக்கலாம்.”

“அதுக்கு ஏன் சேர், ஒரு தலகணிய எடுத்திட்டுப் போகலாமே” என்றார். முதல் தடவையாகத் தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்தார்.

5

கரோலுக்கு இரண்டு வரி அனுப்பினேன். முன் மேசைப் பணியாளர் பராமரிப்புக் குறிப்புகளை மதிப்பிட அதிகாரம் உள்ளவர் அல்லர். ஆகவே கருத்துக் கூற இயலாது. மேலும், பஸ்மிலாவின் உடன் வருநராக நான் செல்வதால் கருத்துக் கூறுவது முறையும் அல்ல. இப்படியான கடிதங்களை எழுதித்தான் எனக்குத் தலை நரைத்தது. கரோல் வழியில் என்னைக் கண்டு, “நீங்கள் முன்பு அரசாங்கத்தில் இருந்தீர்கள், இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

விசாரணை கீழ்த்தள அறையில். கரோல், பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு பெண், எதிரே நாங்கள். ஹரோல்ட் அப்போதும் ஆஸ்பத்திரியில்தான். அவர் மௌத்தாகிவிட்டால் இந்த அறை வேறு மாதிரி இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கரோல் கெட்ட மனுசியல்ல. நேரே கேட்டார். “அவர் நன்றாக இல்லை என்று தெரிந்தும் நன்றாக இருக்கிறார் என்று ஏன் எழுதினாய்?”

பஸ்மிலா நிமிர்ந்து இருந்தார். “நன்றி. இந்த இல்லத்தில் எல்லாரும் என்னை நன்றாக நடத்துகிறார்கள். என் பிள்ளைகளுக்கு இங்கே நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திருக்கிறது. ஹரோல்ட் எனக்கு மிகவும் விருப்பமானவர்...”

அதே வரிசை. முதலில் சுகம், பிறகு மழை, பிறகு கஞ்சி. குறிப்பெடுத்த பெண்ணின் விரல்கள் நின்றுவிட்டன. கரோல் கடிகாரத்தைப் பார்த்தார். “பஸ்மிலா, நான் கேட்ட கேள்வி அதுவல்ல” என்று கோவையை மூடக் கை வைத்தார்.

உடன் வருபவர் பதில் சொல்லக் கூடாது. ஆனால் பேசக் கூடாது என்று விதி இல்லை. “அவர் இன்னும் முடிக்கவில்லை” என்றேன்.

கரோல் என்னைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

பஸ்மிலா தொடர்ந்தார். “எழுதும்போது எனக்கு முழுவதும் தெரியும். வாசிப்பவருக்கு ஒரு வரிதான் தெரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் இரவு வேலை செய்ததில்லை. ஆனால்...” இங்கே நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். “தெரிந்திருந்தாலும் அதை முதல் வரியில் எழுத எனக்குக் கை வந்திருக்காது. அவர் செத்திருப்பார். அது என் பிழை.”

எந்த வழக்கறிஞரும் அந்தக் கடைசி வசனத்தைச் சொல்ல விட்டிருக்க மாட்டார். நானும் வழக்கறிஞராக இருந்தால் அவருடைய காலை மிதித்திருப்பேன். கரோல் பேனாவை மேசையில் வைத்தார்.

முடிவு எழுத்தில் வந்தது. தகுதிகாண் காலம் நீடிக்கப்படும். இனிமேல் ஒவ்வொரு குறிப்பிலும் ஆக மோசமான விசயம் முதல் வரியில் இருக்க வேண்டும். வேலை கைமாறும் நேரத்துக்கு முன் குறிப்பு டெப்பில் ஏறியிருக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் வேலை முடியும்.

6

ஹரோல்ட் திரும்பி வந்தார், பாதி ஆளாக. பஸ்மிலா விதிப்படி எழுதினார். “இன்று விழப் பார்த்தார்.” “இன்று கோபப்பட்டார்.” முதல் வரிகள் எல்லாம் பொலிஸ் முறைப்பாடுபோல இருந்தன. ஒவ்வொன்றையும் அனுப்பிவிட்டு வாய்க்குள் எதையோ ஓதுவதை நான் கண்டிருக்கிறேன். ஜின்ஸி அவரோடு கதைக்கவில்லை. ஆனால் குறிப்புகளை அழுத்தித் திறந்து முழுவதும் வாசித்தார்.

போன கிழமை ஒரு நாள், வேலை கைமாறப் போகும் நேரம். பஸ்மிலா டெப்பைத் தூக்கிக்கொண்டு முன் மேசைக்கு வந்தார். குறிப்பு எழுதியாகிவிட்டது. முதல் வரி: “ஹரோல்ட் மத்தியானம் முதல் எதையும் குடிக்க மறுக்கிறார். நேற்றைவிடப் பலவீனமாக இருக்கிறார்.” விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே நின்றது.

“அனுப்புங்க. நேரம் போகுது” என்றேன்.

“அவர்ட மகள் இங்க இரிக்கிறா சேர்.” கண்ணாடிக் கதவுக்கு அப்பால், இருக்கை அறையில் ஹரோல்டின் மகள் லின் இருந்தார். தகப்பனுக்குக் கொண்டுவந்த பூக்களைச் சாடியில் அடுக்கிக்கொண்டிருந்தார். போன் பக்கத்தில் மேசையில். “நான் இத அமத்தினா அந்தப் போன்தான் அடிக்கும். பக்கத்து அறையில இரிக்கிற பிள்ளைக்கு இத மெசினாலயா சொல்ற?”

“விதி அப்படித்தான். முதல்ல குறிப்பு. குடும்பத்துக்குப் பொறுப்பானவர் சொல்லுவார்.”

“தெரியும்.” நகரவில்லை. “நான் போய்க் கதைச்சிட்டு வாறன். கொஞ்ச நேரம்.”

“பஸ்மிலா, நேரம் தவறினா என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே? பிள்ளைகள்ட பள்ளிக்கூடம், வீடு, எல்லாம்.”

“தெரியும் சேர்” என்றார் மறுபடியும். கண் கண்ணாடிக் கதவில் இருந்தது. “நீங்க போக வேணாம் எண்டு சொன்னா இப்பவே அமத்திறன்.”

என் வாழ்நாளில் என்னிடம் இப்படிக் கேட்ட எல்லாருக்கும் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதற்காகத்தான் என்னிடம் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் தங்களுக்குச் சுமை இல்லை.

“வெச்சிட்டுப் போங்க” என்றேன்.

அவர் போனார். லின்னின் பக்கத்தில் முழங்காலிட்டு இருந்து கதைத்தார். எவ்வளவு நேரம் சுகத்தைப் பற்றிக் கதைத்தார், எப்போது தண்ணீருக்கு வந்தார் என்று எனக்குக் கேட்கவில்லை. லின் அவசரப்படுத்தவில்லை. ஒரு கட்டத்தில் பூக்களைக் கீழே வைத்தார். பஸ்மிலாவின் கையைப் பிடித்தார்.

இதற்கிடையில் ஜின்ஸி வேலைக்கு வந்தார். மேசையில் கிடந்த டெப்பைக் கண்டார், வரியை வாசித்தார், மேலே கடிகாரத்தைப் பார்த்தார், கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். “மடச்சி” என்று மலையாளத்திலோ தமிழிலோ சொன்னார். பொத்தானை அவர் அமத்தவில்லை; இன்னொருவரின் குறிப்பில் கைவைப்பது அவருடைய வேலையையும் கொண்டுபோகும். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் தண்ணீர்க் கூசாவை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

பஸ்மிலா திரும்பி வந்து, ஈரக் கையைத் துடைத்துவிட்டு, அமத்தினார். நேரம் தாண்டியிருந்தது. டெப் அந்த நேரத்தைப் பத்திரமாகப் பதிந்துகொண்டது.

ஹரோல்ட் அன்றிரவைத் தாண்டினார். இன்னும் இருக்கிறார். லின் ஒவ்வொரு நாளும் வருகிறார்.

நேற்றுக் காலையில் கரோல் இரண்டு கடிதங்கள் கொடுத்தார். ஒன்று பஸ்மிலாவுக்கு. குறிப்பு ஏன் பிந்தியது என்று விளக்கம் கேட்டு. மற்றது எனக்கு. அந்த நேரம் முழுக்க டெப் என் மேசையில் கிடந்ததை வாசல் கெமரா காட்டுகிறதாம். எழுத்தில் விளக்கம் வேண்டுமாம்.

விளக்கம் கேட்டு நான் வாங்கி வாசித்த கடிதங்கள் கொஞ்சமல்ல. எல்லாம் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: இத்தனை வருடச் சேவை, இதுவரை எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, குடும்பச் சூழ்நிலை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் பந்தி மிக அழகாக வந்தது. இவ்வளவு நல்ல உத்தியோகத்தரை நானே கண்டதில்லை. அதை அழித்தேன்.

இப்போது முதல் வரி இதுதான்: “டெப்பை வைத்துவிட்டுப் போகச் சொன்னது நான்.”

கரோல் இதற்குக் கீழே வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை.